மூன்று வீடும் முந்நூறு மண்மூட்டையும்: வாவிக்கரை ஒழுங்கையில் ஒரு வெள்ளம்

2024 நவம்பர் 26ஆம் திகதி காலை தொடங்கி 29ஆம் திகதி மாலை வரை மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஓர் ஒழுங்கையில் நடந்ததை இங்கே பதிந்து வைக்கிறேன். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள், அதனால் சொல்லவில்லை. நான் இருபது வருடங்களுக்கு மேல் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவன், அந்தக் கிராமத்தின் அனர்த்தக் குழுவில் ஒருவன். மூட்டையை எங்கே அடுக்குவது, எவ்வளவு உயரம் அடுக்குவது, எப்போது கைவிடுவது என்ற முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு. அதில் ஒன்று பிழையாகிப் போனது. அந்தப் பிழை என்னுடையது.

## இடம்

ஒழுங்கை, வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் இருக்கிறது. மேல்முனை பிரதான வீதி, கீழ்முனை வாவி. நடுவில் பதினொரு வீடுகள். இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் ஓர் ஆள் உயரம் கூட வராது. சாதாரண நாளில் அந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது.

இங்கே தண்ணீர் மூன்று வழியால் வரும். முதலாவது வீதியால் ஓடி வரும் மழைத்தண்ணீர். அது வேகமாக வந்து, மழை விட்டால் சில மணித்தியாலத்தில் போய்விடும். இரண்டாவது வாவி ஏறுவது. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். கடலோடு சேர்வது முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் மட்டும்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் பெய்வதும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வான் பாய்வதும் கடைசியில் இந்த வாவிக்குத்தான் வந்து சேரும். அதனால் எங்கள் தலைக்கு மேல் மழை விட்ட பிறகும் வாவி ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வழி நிலத்துக்குக் கீழே. எங்கள் வளவுகளில் கார்த்திகை நடுப்பகுதிக்குப் பிறகு கிணற்றில் கயிறு தேவைப்படாது, வாளியைக் கையால் தாழ்த்தியே அள்ளலாம். மழை இன்னும் அடித்தால் கிணற்று மட்டமும் முற்றத்து மட்டமும் ஒன்றாகிவிடும்.

இந்த மூன்றாவது வழியை நாங்கள் எல்லோரும் அறிந்தவர்கள்தான். ஆனாலும் மண்மூட்டை என்று வந்ததும் எல்லோர் கண்ணும் வாசலுக்குத்தான் போனது.

## மூன்று வீடுகள்

பதினொரு வீட்டிலும் மூட்டை அடுக்க எங்களிடம் ஆளும் இல்லை, மணலும் இல்லை. மூன்றைத் தேர்ந்தோம்.

மேல்வீடு வீதியில் இருந்து இரண்டாவது. வீதி வளைந்து திரும்பும் இடத்தில் இருப்பதால் ஓடி வரும் தண்ணீர் நேராகப் படலைக்குள் பாயும். கிறவல் போட்டு இடித்து உயர்த்திய நிலம், நல்ல கொங்கிரீட் தரை, மலசலகூடம் வீட்டுக்கு வெளியே.

நடுவீட்டில் ஒரு தாயும் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மகளும். மணலிலேயே கட்டிய வீடு. சீமெந்துத் தரையில் அங்கங்கே வெடிப்பு. குளியலறையும் மலசலகூடமும் வீட்டுக்குள்ளேயே. குந்தி இருக்கும் பாத்திரம், தரை மட்டத்தில். மலசலகூடக் குழி பின்வளவில்.

கரைவீடு கடைசி. சுனாமிக்குப் பிறகு கட்டியது, ஆறு இஞ்சிச் சீமெந்துக் கல் சுவர். பின்னால் ஒத்தாப்பாக இறக்கிய குசினிக்கு மண் தரை. அங்கே வாவியில் மீன் பிடிக்கும் ஒரு தம்பி, அவருடைய மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான தாய். 2011 ஜனவரி வெள்ளத்தில் எது வரை தண்ணீர் நின்றது என்று அந்தத் தாய் சுவரில் கையை வைத்துக் காட்டினார். அவருடைய இடுப்புக்குச் சற்று கீழே.

## 26ஆம் திகதி, பகல்

வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டி வடக்கே நகர்கிறது என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். (இதே தாழமுக்கம்தான் பிறகு ஃபெங்கல் என்று பெயர் பெற்று, 30ஆம் திகதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது.) காலை ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினோம். ஒழுங்கையில் ஒரு வீட்டு வேலைக்குப் பறித்திருந்த மணலோடு உழவு இயந்திரத்தில் இன்னும் இரண்டு லோட், எல்லாமாக இரண்டரை கியூப், அதாவது இருநூற்றைம்பது கன அடி அளவில் இருந்தது. பொடியன்மார் சிலர் வாவிக்கரையை வெட்டி மணல் எடுப்போம் என்றார்கள். அதை மறித்தோம். கரைவீட்டுக்கு இருக்கும் முதல் தடுப்பே அந்தக் கரைதான்.

பைகள் பெரும்பாலும் வெறும் உரப்பைகள். முதல் முப்பது நாற்பது பையை வாய் வரை நிரப்பி, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அது பிழை. நிறையக் கட்டிய மூட்டை உருண்டையாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் விரல் போகும் அளவுக்கு இடைவெளி நிற்கும். பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிரப்பி, வாயைக் கட்டாமல் மடித்து, மடிப்பு அடியில் போகும்படி படுக்கவைத்து, காலால் நன்றாக மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு அது தலையணை மாதிரித் தட்டையாகிப் பக்கத்து மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வரிசையைச் செங்கல் கட்டுவது போலப் பொருத்து மாற்றி வைக்க வேண்டும். கட்டியவை எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி செய்ததில் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

ஈர மணல் என்பதால் ஒரு மூட்டை முப்பது கிலோவுக்குக் குறையவில்லை. ஏழு பேர், மாலை மூன்றரை வரை, முந்நூற்றிப் பத்து மூட்டை. மேல்வீட்டுக்கு 54, நடுவீட்டுக்கு 66, கரைவீட்டுக்கு 190.

மேல்வீட்டிலும் நடுவீட்டிலும் வாசல்களுக்கு முன்னால் முதலில் தறப்பாளை விரித்து, அதன் ஓரத்தை அடி வரிசைக்குக் கீழே செருகி, மேலே தண்ணீர்ப் பக்கமாக மடித்துவிட்டோம். அடி அகலம், மேல் ஒடுக்கம். உயரம் ஒன்றேகாலடி.

நடுவீட்டுத் தாய் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டுக் கேட்டார்: "அண்ணன், கக்கூஸ் குழி நிரம்பினா உள்ளுக்குத்தானே வரும்?" நான், "முதல்ல வாசலப் பார்ப்பம் தங்கச்சி, அது மறுகா" என்றேன். அந்த மறுகா வரவே இல்லை. இருட்டுவதற்குள் கரைவீட்டை முடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டோம்.

கரைவீட்டுத் தம்பிக்கு வாவியை நன்றாகத் தெரியும். அதனாலேயே அவர் மூன்றடிக்குக் குறைய ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றடிக்கு முறையாக அடுக்குவதென்றால் அடி அகலம் ஆறடியில் இருந்து ஒன்பதடி வரை வேண்டும். அவ்வளவு மூட்டைக்கு எங்கே போவது? கடைசியில் வாவிப் பக்கச் சுவர் நெடுகிலும் ஒற்றை வரிசையாக, சுவரில் சாய்த்து மூன்றடிக்கு அடுக்கினோம். மீதியை வாசல்களுக்கும், பக்கத்து மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சந்துக்கும் போட்டோம். சுவரில் சாய்ந்த மூட்டை தண்ணீரின் தள்ளலைத் தான் தாங்காது, சுவருக்குத்தான் கொடுக்கும். எனக்கு இது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அதைக் கணக்காக அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

## 26 இரவு: மேல்வீடு

மாலை ஆறு மணிக்கு வீதித் தண்ணீர் படலைக்குள் பாய்ந்தது. ஏழரைக்கு வாசற்படியில் எட்டு இஞ்சி. மூட்டைக்கு உள்பக்கம் தறப்பாள் ஓரத்தால் கசிவு வந்தது, நூல் மாதிரி. வீட்டுக்காரர் ஒரு பழைய துவாயை நீளமாகச் சுருட்டி வாசலில் போட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை வாளியில் பிழிந்தார். விடியும் வரை பதினொரு வாளி. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் படியை விட்டு இறங்கிவிட்டது. உள்ளே ஒரு பாய் கூட நனையவில்லை.

மூட்டை செய்யக்கூடிய வேலை இதுதான். ஓடி வரும் தண்ணீர், ஒரு அடிக்குள், ஒரு இரவுக்குள், கீழே இறுகிய தரை. இந்த நான்கும் அங்கே சேர்ந்திருந்தன. கசிவை எடுக்க ஓர் ஆள் விழித்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்மூட்டை தண்ணீரை முழுதாக மறிக்காது; வேகத்தையும் அளவையும் குறைக்கும். அந்த மிச்சத்தை அள்ள ஆள் இல்லாவிட்டால் பதினொரு வாளியும் வீட்டுக்குள்தான் நின்றிருக்கும்.

## 27 அதிகாலை: நடுவீடு

இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி வந்தது. "அண்ணன், தண்ணி வாசலால வரல்ல, தரையால வருது." போய்ப் பார்த்தேன். வாசல் மூட்டைகள் அசையாமல் நின்றன, வெளியே ஆறு இஞ்சித் தண்ணீர். உள்ளே விறாந்தைத் தரையின் வெடிப்பு நெடுகிலும் ஈரம் கோடு போட்டிருந்தது. கையால் துடைத்தால் மறுபடி ஊறியது, தெளிந்த கிணற்றுத் தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டே சமாளித்திருக்கலாம்.

நாலு மணிக்கு மலசலகூடப் பாத்திரம் கொப்பளிக்கத் தொடங்கியது. பிறகு குளியலறைக் கழிவுநீர்த் துவாரம். பழைய சேலைகளை அடைத்து அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தோம், பக்கத்தால் வந்தது. வாசலில் இருந்து மூட்டையைக் கழற்றிக் கொண்டுவருவதற்குள் கூடத்தில் மூன்று இஞ்சி. விடியும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது: வெளியே மழைத்தண்ணீர், உள்ளே குழித்தண்ணீர்.

மகளின் பாடக்குறிப்புகள் மேசையின் கீழ்த்தட்டில் இருந்தன. 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சையை 27இல் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்துவிட்டதால், அன்று காலை அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணிதக் குறிப்பு இரண்டு கொப்பியும் போய்விட்டன. தாய் என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கவே மனம் இல்லாமல் இருந்தது. அவர் கேட்டது சரியான கேள்வி. தரை மட்டத்துப் பாத்திரமும், ஏற்கனவே நீர்மட்டத்தில் அமிழ்ந்திருக்கும் குழியும் இருக்கும் வீட்டில் முதல் மூட்டை மலசலகூடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். இரண்டு துவாரத்தையும் பொலித்தீனில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சிறிய மூட்டையை மிதித்து வைப்பது கால் மணித்தியால வேலை. முழுதாக நின்றிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. கட்டிலை உயர்த்தவும் கொப்பிகளை எடுக்கவும் நேரம் கிடைத்திருக்கும்.

## 27 பகலும் இரவும்: கரைவீடு

27 காலையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. மேல்முனையில் ஆட்கள் முற்றம் கூட்டத் தொடங்கினார்கள். கீழே வாவி ஏறிக்கொண்டே இருந்தது. மதில் தூணில் நான் கரிக்கட்டையால் கோடு போட்டுப் பார்த்தேன்: பத்து மணியில் இருந்து மாலை ஆறு வரை ஏழு இஞ்சி.

பிள்ளைகளையும் அவர்களுடைய தாயையும் பகலிலேயே பாடசாலையில் இருந்த முகாமுக்கு அனுப்பிவிட்டோம். மெயின் சுவிட்சை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியை மேசைமேல் ஏற்றி, அரிசியும் வலைகளும் பரணுக்குப் போயின. இவ்வளவையும் முன்கூட்டிச் செய்திருந்தது பிறகு பெரிய உதவியாக இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு வெளியே ஒரு அடி பத்து இஞ்சி. உள்ளே மூன்று இஞ்சி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பு அதை அந்த மட்டத்தில் பிடித்து வைத்திருந்தது. பார்த்தால் நாங்கள் வென்றுகொண்டிருப்பது போலத்தான் இருந்தது.

குசினியில் டோர்ச் அடித்தபோதுதான் அதைக் கண்டேன். அடுப்படியின் உயர்ந்த மண் தரையில், சுவர் அடியில் இருந்து ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மணற்குவியல். நடுவில் சின்ன வாய். நண்டு வளை மாதிரி இருந்தது, ஆனால் நண்டு மண்ணை உருண்டையாகத் தள்ளும். இது மாவு போல மெல்லிய மணல், தண்ணீரோடு சேர்ந்து கொப்பளித்துக் கொப்பளித்து வாயைச் சுற்றி விழுந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு தொடங்கியிருந்தன. கசியும் தண்ணீர் தெளிவாக வந்தால் பயம் குறைவு. மணலோடு வந்தால் அந்த மணல் எங்கிருந்தோ கிளம்பி வருகிறது. இங்கே அது அத்திவாரத்துக்குக் கீழே இருந்துதான் வர முடியும். பிறகு வாவிப் பக்கச் சுவரைப் பார்த்தோம். மூன்றாவது கல் வரிசையின் பொருத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு, ஐந்தடி நீளத்துக்கு, ஈரத்தில் மினுங்கியது.

சுவர் தாங்கும் சுமையை இப்படிக் கணக்கிடலாம். தண்ணீர் ஒரு அடி நின்றால் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் சுமார் 14 கிலோ பாரம் தள்ளும். இரண்டடிக்கு அது 57 கிலோ. மூன்றடிக்கு 127 கிலோ. உயரம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. இருபத்தைந்தடிச் சுவருக்கு மூன்றடித் தண்ணீர் என்றால் மூன்று தொன்னுக்கு மேல். மறுபக்கத்தில் அதே அளவு தண்ணீர் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நாங்கள் பம்பு போட்டு உள்ளே காய வைத்தது சுவருக்கு இருந்த அந்தத் துணையை எடுத்துவிட்டது. சாதாரணக் கல் சுவருக்கு வெளித்தண்ணீர் இரண்டடியைத் தொட்டால் அதற்கு மேல் மறிக்காதே என்பதுதான் பொதுவான அறிவுரை.

"தம்பி, பம்ப நிப்பாட்டுவம், பின்கதவு மூட்டைய எடுத்துத் தண்ணிய உள்ளுக்கு விடுவம்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் முழுக்க முதுகு முறியச் சுமந்த மூட்டை. நான் பயந்துபோய்ச் சொல்கிறேன் என்றார். நாற்பது நிமிடம் அப்படியே போனது. அதற்குள் மணல்வாய்கள் ஐந்தாகிவிட்டன. முடிவைச் சொன்னது கட்டில்மேல் கால் தூக்கி உட்கார்ந்திருந்த அவருடைய வயதான தாய்தான். "சுவர் நிண்டா கழுவிப்போட்டு இருக்கலாம் மனே. திற."

பத்தரைக்குப் பம்பை நிறுத்தினோம். பின்வாசலின் மேல் வரிசையில் இருந்து ஒவ்வொரு மூட்டையாக, மெதுவாக எடுத்தோம். ஒரேயடியாகத் திறந்தால் வரும் வேகமே கதவையும் சுவரையும் அடித்துவிடும். இருபத்தைந்து நிமிடத்தில் உள்ளும் வெளியும் சமம். மணல்வாய்கள் அடங்கிவிட்டன. தாயைத் தோணியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனோம்.

## விளைவு

வாவி அந்த இரவு இன்னும் ஏறி, 28 காலையில் இரண்டடி ஏழு இஞ்சியில் நின்றது. வீட்டுச் சுவர் விழவில்லை. மயிரிழை வெடிப்பு அப்படியே இருந்தது. ஆனால் சந்தில் மூட்டை போட்டு ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் நிற்கும்படி செய்திருந்த பக்கத்து மதில், அதுவும் அதே ஆறு இஞ்சிக் கல்தான், விடியற்காலையில் இருபதடி நீளத்துக்குச் சாய்ந்தது. அந்தப் பக்கம் யாரும் நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம். அந்த மூட்டைகளையும் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதிலுக்கு வீட்டுச் சுவர் போலக் குறுக்குச் சுவரும் கூரையும் இல்லை. அதனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்தத் தம்பி விழுந்த மதிலைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

29 மாலை தண்ணீர் வீடுகளை விட்டு இறங்கியது. கரைவீட்டைக் கழுவி எடுக்க நான்கு நாள், நடுவீட்டுக்கு ஆறு நாள். தண்ணீர் குறைவாக நின்ற வீட்டுக்குத்தான் கூடுதல் நாள் எடுத்தது, காரணம் குழித்தண்ணீர். கிணறுகளை இறைத்துக் குளோரின் போடும் வரை குடிக்கவும் சமைக்கவும் வெளியில் இருந்துதான் தண்ணீர் எடுத்தோம். பரீட்சை டிசம்பர் 4இல் மறுபடி தொடங்கியபோது அந்த மகள் சிநேகிதியின் கொப்பியைப் படமெடுத்துப் படித்துவிட்டுப் போனாள்.

மூட்டைகளை யார் அகற்றுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மேல்வீட்டு மூட்டைகள் வெயிலில் கிடந்து இரண்டு மாதத்தில் பை இற்று, மணல் வடிகானுக்குள் இறங்கி, தை மழையில் கான் அடைத்து அதே படலைக்குள் தண்ணீர் போனது. நடுவீட்டு மூட்டைகளில் கழிவுநீர் ஊறியிருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவதைக் கண்ட பிறகுதான் அள்ளி ஒதுக்குப்புறமாகக் குழி வெட்டிப் புதைத்தோம்.

## மாற்றியவை, இன்னும் மாற்றாதவை

இதை எழுதும்போது 2025 ஆவணி. மூட்டைக்கு முன்னால் இப்போது வீட்டைப் பார்க்கிறோம்: தண்ணீர் எந்த வழியால் வரும், கீழே மணலா இறுகிய நிலமா, மலசலகூடம் உள்ளேயா வெளியேயா. பதினொரு வீட்டிலும் இதைக் கேட்டு எழுதியாயிற்று. மூட்டை உதவும் என்று நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை நாலு வீடுகள்தான். மற்ற ஏழுக்கும் பொருட்களை உயர்த்துவதும், துவாரங்களை அடைப்பதும், நேரத்தோடு வெளியேறுவதும்தான் வேலை. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். வாசலில் மூட்டை இருந்தால் மனதுக்கு ஒரு தைரியம் என்றார் ஒருவர். அந்தத் தைரியத்தில்தான் நடுவீட்டில் கொப்பிகள் கீழ்த்தட்டிலேயே இருந்தன என்று அவருக்குச் சொன்னேன்.

நானூறு பை வாங்கி, வெயில் படாமல் வாசிகசாலைக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம். மணல் ஐப்பசி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். நடுவீட்டில் குழிக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு பொருத்தியாயிற்று. மேசன் அதை முதலில் திசை மாற்றிப் போட்டுவிட்டார், வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததால் பிடிபட்டது. எல்லா வீட்டுச் சுவரிலும் வெளியே இரண்டடியில் சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் பம்பை நிறுத்திக் கதவைத் திறப்பது என்று பகல் வெளிச்சத்தில், எல்லோரும் கூடியிருந்து பேசி முடிவெடுத்தோம். இரவு பத்து மணிக்கு நாற்பது நிமிடம் வாதாட இனி முடியாது.

மதிலை அந்தத் தம்பி மறுபடி கட்டியிருக்கிறார். அடி வரிசையில் நாலடிக்கு ஒரு கல் விட்டு, தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வர வழி வைத்திருக்கிறார். அதை நான் சொல்லவில்லை, அவரே செய்தார். மகளின் பரீட்சை முடிவு வந்துவிட்டது. குழி மட்டும் இன்னும் அதே இடத்தில், அதே ஆழத்தில் இருக்கிறது. அதை உயர்த்திக் கட்ட அந்தத் தாயிடம் இப்போது காசு இல்லை; குழு நிதியிலும் போதாது. மாரிக்கு இன்னும் இரண்டு மாதம்.